முயலின் வயிற்றில் இருந்ததும் முயலைக் கொன்றதும்

இறந்துபோன காட்டுமுயலின் வயிற்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கொப்புளங்கள்தான். பட்டாணி அளவில், தெளிந்த நீர் நிரம்பி, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில் கொத்துக்கொத்தாகத் தொங்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். உள்பக்கமாக மடங்கிக் கிடக்கும் நாடாப்புழுவின் தலை அது. உடலைக் கொண்டுவந்தவர் பக்கத்தில் நின்றால், "இதுதானே டாக்டர் கொன்னது?" என்று கேட்காமல் இருக்க மாட்டார். காட்டு விலங்குகளுக்கு உடற்கூறாய்வு செய்யும் இந்த வேலையில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பெரும்பாலும் என் பதில், இல்லை.

அது டீனியா பிசிஃபார்மிஸ் என்ற நாடாப்புழுவின் இளம் பருவம். வளர்ந்த புழு நாய், நரி இவற்றின் குடலில் வாழும். அவற்றின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் புல்லில் ஒட்டிக்கொள்ள, முயல் அதை மேய்ந்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் நுண்ணிய புழு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய், சில வாரங்கள் அங்கேயே குடைந்து திரிந்த பிறகுதான் வயிற்றுக்குள் வந்து கொப்புளமாகிறது. குடைந்த தடங்கள் கல்லீரலில் வெளிறிய கோடுகளாக நிற்கும். ஒரே சமயத்தில் ஏராளமான முட்டைகளை விழுங்கிய குட்டிக்கு அந்தக் கட்டம் ஆபத்துதான். அதைத் தாண்டிவிட்ட முயலோ கொப்புளங்களைச் சுமந்துகொண்டே மேயும், ஓடும், குட்டி போடும்.

ஆகவே கொப்புளத்தைக் குறித்துக்கொண்டு நான் அடுத்துப் பார்ப்பது சிறுநீரகத்தை. அதைச் சுற்றி வெண்கொழுப்பு திரண்டிருந்து, இரைப்பையிலும் புல் நிறைய இருந்தால், அந்த முயல் நேற்றுவரை நன்றாக இருந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்ட உடலில் தோலை உரித்ததும் விலா எலும்பு முறிந்து, நெஞ்சுக்குள் ரத்தம் உறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வண்டி மோதிய முயல். கொழுப்பு கரைந்து, முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தால் கதை வேறு. நாள்பட்ட நோயைத் தேட வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது மூன்றாவது வகை. காயம் இல்லை, மெலிவு இல்லை, கொப்புளமும் இல்லை. மண்ணீரல் மட்டும் வீங்கியிருக்கும். கல்லீரலில் ஊசிமுனை அளவு வெண்புள்ளிகள். ஸ்லைடு தயாரித்து நுண்ணோக்கியில் வைத்தால், செத்த திசுவின் ஓரத்தில் பிறை வடிவ உயிரிகள் தெரியும். டாக்ஸோபிளாஸ்மா. பூனை மலத்திலிருந்து மண்ணுக்கும் புல்லுக்கும் பரவும் ஒட்டுண்ணி இது. வளை தோண்டி வாழும் முயல்கள் பெரும்பாலும் இதைத் தாக்குப்பிடிக்கின்றன. வளை தோண்டாத ஹேர் (hare) வகையைச் சேர்ந்த ஐரோப்பியக் காட்டுமுயலும் மலைமுயலும் அப்படியில்லை. தொற்றிய சில நாட்களிலேயே உடல் முழுக்கப் பரவி மடிந்துவிடுகின்றன. கொழுகொழுவென்றிருக்கும் ஒரு முயலை இது இத்தனை வேகமாகச் சாய்ப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை.

ஆனால் அந்த வெண்புள்ளிகளை வைத்தும் முடிவு கட்ட முடியாது. துலரேமியா என்ற பாக்டீரியா நோயும் இதே மாதிரிப் புள்ளிகளை உண்டாக்கும். உண்ணிக்கடியால் பரவுவது அது. தோல் உரிப்பவரின் விரலில் சின்னக் கீறல் இருந்தால்கூட உள்ளே புகுந்து கடுமையாகப் படுக்கவைத்துவிடும். அதனால் என் மேசையில் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாரும் முயலைத் தொடக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

குட்டிகளில் தேடுவது காக்சிடியாவை. குடல் சுவரின் செல்களுக்குள் பெருகும் இந்த ஒற்றைச் செல் உயிரி வயிற்றுப்போக்கை உண்டாக்கி, குட்டியை வற்றவைத்துவிடும். புழுக்கையைக் கரைத்து வடிகட்டி, செறிவான உப்புநீரில் கலந்து, குழாயின் வாய்விளிம்புவரை நிரப்பி, மேலே கண்ணாடிச் சில்லை வைத்துக் காத்திருப்போம். எடை குறைந்த காக்சிடியா முட்டைப்பைகள் மேலே மிதந்து வந்து சில்லில் ஒட்டும். நல்ல ஆரோக்கியமான பெரிய முயலின் புழுக்கையிலும் இவை கிடைக்கும். எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் குடலையும் வெட்டிப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.

உடலை அனுப்புகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சீக்கிரம் கொண்டுவர முடியுமென்றால் உறையவைக்காதீர்கள். பனிக்கட்டியோடு சேர்த்துக் குளிர்ச்சியாக அனுப்பினால் போதும். உறைந்து உருகிய திசு நுண்ணோக்கியில் சிதைந்து தெரியும். நான் தேடும் தடயமே அதில் அழிந்துபோகும்.

"முயலைக் கொல்லலேன்னா கொப்புளத்தைக் கண்டுக்காம விட்டுடலாமா டாக்டர்?" என்று சிலர் கேட்கிறார்கள். அது மனிதருக்குத் தொற்றாது, உண்மைதான். நாய் விஷயம் அப்படியல்ல. முயலின் குடலை நாய்க்கு வீசினால், ஒவ்வொரு கொப்புளமும் அதன் வயிற்றில் ஒரு நாடாப்புழு ஆகலாம். சுமார் 2 மாதத்தில் அந்த நாய் முட்டைகளை வெளியேற்றத் தொடங்கும், அதே மேய்ச்சல் நிலத்தில். அதனால் முயலின் குடலை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். நாய்க்கு நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல் மாத்திரையை எப்போது, எவ்வளவு கொடுப்பதென்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.