"மலை வண்டி அப்படித்தான் சார்": எஸ்யூவி டீசல் குடித்த கதை

ஊட்டியில் ஓடும் வண்டி டீசல் அதிகம் குடிக்கிறது என்று எந்த ஒர்க்‌ஷாப்பில் சொன்னாலும் முதலில் வரும் பதில் "மலை வண்டி அப்படித்தான் சார்". பாதி உண்மை என்பதுதான் அந்தப் பதிலில் வில்லங்கம். மீதிப் பாதியை யாரும் தேட மாட்டார்கள்.

மலை எவ்வளவு கேட்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 2 டன் எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 3 லிட்டர் டீசல் வேண்டும். ஆனால் இறங்கும்போது கியரில் விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) டீசலையே விடாது. நியூட்ரலில் உருட்டினால் ஐடிலிங்குக்கு டீசலும் போகும், பிரேக்கும் காயும். அதனால் ஏறும்போது பார்த்த மைலேஜை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஏறி இறங்கி, அதே பங்க்கில் அதே பம்பில் முதல் ஆட்டோ கட் வரை நிரப்பிப் பாருங்கள். சரிவில் நிற்கும் பங்க் வேண்டாம். டேங்க் சாய்ந்தால் அளவே மாறிவிடும். மீட்டரில் காட்டும் சராசரியை நம்பவே வேண்டாம்.

இப்படி அளந்ததில் எங்கள் ஏழு சீட்டர் டீசல் வண்டி, முன்பு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த அதே ரூட்டில், 9.5-க்கு வந்திருந்தது. இது மலை செய்கிற வேலை இல்லை.

கோவையில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டோம். ஸ்கேனரில் எரர் கோடு எதுவும் இல்லை, டெஸ்ட் டிரைவ் ஓகே, ஏர் ஃபில்டர் மாற்றியாச்சு, "இன்ஜெக்டர் நாலையும் மாத்திப் பாக்கலாம் சார்". லீக்-ஆஃப் டெஸ்ட் (ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைப் பாட்டிலில் பிடித்து ஒப்பிடுவது) கூடப் போடாமல் நான்கு இன்ஜெக்டரைச் சொல்லும் இடத்தில் வண்டியை விடக்கூடாது. நான்கு பாட்டிலில் திரும்பி வரும் டீசல் ஏறத்தாழ சமமாக இருந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடலாம். எங்களுக்குச் சமமாகத்தான் இருந்தது.

கோவையில் கிடைக்காத விடை ஊட்டியில் காலை ஏழு மணிக்குக் கிடைத்தது. வண்டியின் டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகும் ஒரு சாதாரண ஓபிடி புளூடூத் அடாப்டரைப் போனோடு இணைத்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் போதும். நன்றாக இருக்கும் இன்ஜின் 85-லிருந்து 95 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இது லவ்டேல் தாண்டியும் 66. குன்னூரிலிருந்து பர்லியாறு இறங்கும்போது 58. திரும்ப ஏறும்போது பாரம் இழுப்பதால் 80-ஐத் தொடும். கோவை வெயிலில், டிராஃபிக்கில் 82 காட்டும். அங்கே டெஸ்ட் டிரைவ் எப்படித் தப்பைக் காட்டும்?

தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் வைக்கும் வால்வு, திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டு முள்ளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பல வண்டிகளில் அது சூடு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஹீட்டர் காற்று வெதுவெதுப்போடு நின்றுவிடுவது நல்ல அறிகுறி. இன்னொன்று, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்ப்பது (ஃபேன் பக்கம் கை போகாமல்). தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். முதல் சில நிமிடத்திலேயே மெல்ல மெல்லச் சூடானால் அது திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் சூடேறாவிட்டால் ஆயில் தடித்தே இருக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவும் குளிர் இன்ஜின் என்று நினைத்துக் கூடுதல் டீசல் விட்டுக்கொண்டே இருக்கும்.

ஆறிய இன்ஜினில் கழற்றினோம். வால்வுத் தட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிவு. யாரோ எப்போதோ கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றிய வேலை. புதிதை மாட்டுமுன் பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுச் சூடாக்கிப் பார்க்கலாம். மேலே பொறித்திருக்கும் டிகிரி வரும்வரை திறக்கக்கூடாது. ஒரு எச்சரிக்கை: ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழுசாகத் திறக்கவில்லையே என்று நல்ல பாகத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டில் ஜிகில் பின் (காற்று வெளியேற வைத்திருக்கும் குட்டி ஊசி) இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். புது ஓ-ரிங், ரெடிமிக்ஸ் கூலன்ட். ஏர் லாக் (கூலன்ட்டில் சிக்கிய காற்று) எடுக்க வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட வேண்டும். மேட்டுக்கு ஊட்டியில் என்ன பஞ்சம்! மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய பிறகு, ரிசர்வாயரில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

இதோடு மைலேஜ் 12-க்கு வந்தது. மீதி, முன் இடது சக்கரத்தில். காரமடை பக்கம் சமரோட்டில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிஸ்க்கையும் பார்த்தால், அது மட்டும் வலது முன்சக்கரத்தைவிட 40 டிகிரி அதிகம். காட் ரோடு இறங்கிய உடனே இந்த டெஸ்ட்டைச் செய்தால் எல்லாமே கொதிக்கும், ஒன்றும் புரியாது. மலை ஈரத்தில் காலிபரின் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) ஸ்லைடர் பின் துருப்பிடித்து, பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. பின்னைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரப்பர் பூட்டை மாற்றி, சிலிகான் பிரேக் கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதி, ஸ்லைடர் பின் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். பிஸ்டனும் கையால் தள்ளினால் உள்ளே போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டயர் காற்றைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். 10 டிகிரி குளிர்ந்தால் 2 பிஎஸ்ஐ இறங்கும். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் 3 பிஎஸ்ஐ கூடக் காட்டும். ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட அடித்துவிடும். வண்டி எங்கே அதிகம் ஓடுகிறதோ அங்கே, காலையில், டயர் ஆறியிருக்கும்போது பிடித்தால் போதும்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் தெர்மோஸ்டாட் மாற்றிய கையோடு டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். இன்ஜின் சூடேறாமல் ஓடிய காலத்தில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சுத்திகரிப்பு பாதியில் நின்று நின்று டீசல் ஆயிலில் கலந்திருக்கும். மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றிவிடுங்கள்.