கொல்லிமலையில் ஆறு நாள்

ஆடி 14 (ஜூலை 30)

காரவள்ளி வந்து சேரும்போது காலை எட்டரை. மலை ஏறுவதற்கு முன் அங்கே ஒரு டீ குடித்தோம். இங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. பையன் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான். முப்பத்தெட்டில் சத்தம் நின்றது. முகம் வெளிறிவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுத்து, கொஞ்ச நேரம் காற்றில் நிற்க வைத்தேன். அப்பா அவன் முதுகைத் தடவிக்கொண்டே கீழே பார்த்தார். வயல்களும் கோழிப்பண்ணைக் கூரைகளும் சின்னச் சின்னதாகத் தெரிந்தன.

"இந்த வளைவுல லோடு லாரி எப்படித் திரும்பியிருக்கும்?" என்றார்.

அப்பாவைப் பற்றி எழுதாவிட்டால் இந்தப் பயணம் புரியாது. ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் எடைமேடையில் இருந்தவர். கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாக வந்து இறங்கும். எடை போட்ட பிறகு மாதிரிக் கிழங்கை எடுத்துத் தண்ணீருக்குள் முக்கி எடை பார்ப்பார்கள். அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று தெரியும். அதற்குப் பெயர் 'பாயிண்ட்'. விலை பாயிண்ட் கணக்கில்தான். அப்பா சொல்லும் அந்த ஒரு எண்ணில்தான் ஒரு குடும்பத்தின் பத்து மாத உழைப்புக்கு விலை விழும். இத்தனை வருடம் மலைக் கிழங்கைத் தொட்டவர், காரவள்ளிக்கு மேல் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

லோடோடு கீழே வரும் ஒருவர் அப்பாவுக்கு நல்ல பழக்கம். வரும்போதெல்லாம் "ஒருக்கா மேல வாங்கண்ணா" என்பாராம். அப்பா ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. இந்த ஆடியில் அவரே என்னிடம் கேட்டார், "போலாமா?" என்று. கோவையில் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சோளக்காட்டைத் தாண்டும்போது வண்டிக் கண்ணாடியை இறக்கினோம். குளிர்ந்த காற்று. சாலை ஓரம் அன்னாசி குவித்து வைத்திருந்தார்கள். சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி சுற்றி ஏறியிருந்தது. மாமா (அப்பாவின் அந்த நண்பரை அப்படித்தான் கூப்பிட்டேன்) செம்மேட்டில் எங்களுக்காகக் காத்திருந்தார். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களாண்ணா" என்று மட்டும் சொன்னார். அப்புறம் வெகுநேரம் கையை விடவில்லை.

ஆடி 15 (ஜூலை 31)

மாமா வீடு வளப்பூர் நாட்டில் இருக்கிறது. இந்த மலையில் ஊர்களை நாடு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று மொத்தம் 14. இப்போது பஞ்சாயத்துகளுக்கும் அதே பெயர்தான். இந்த மலைவாழ் மக்களை மலையாளி என்று சொல்வது கேரளத்தை வைத்து இல்லை. மலையை ஆள்பவர்கள், மலையாளர் என்கிறார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்று கதை சொல்கிறார்கள்.

காலையில் கண் விழித்தால் வாசல் முழுக்க மஞ்சு. மாமாவின் அம்மா, நாங்கள் ஆயா என்று கூப்பிடுகிறோம், சாணி மெழுகிய திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். கை மட்டும் தளரவில்லை. முறத்தை ஒரு தட்டுத் தட்டி, ஒரு சுழற்றுச் சுழற்றி, நுனியில் லேசாக ஊதுகிறார். உமி முன்னால் பறக்கிறது. அரிசி பின்னால் ஒதுங்குகிறது. நடுவில் கல் தனியாக வந்து நிற்கிறது. நான் வாங்கி முயன்றேன், எல்லாம் ஒன்றாகவே கிடந்தது. "விடு கண்ணு, கை பழகோணும்" என்று வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் மூங்கிலால் பின்னி மண் பூசிய ஒரு குதிர் நிற்கிறது. தொம்பை என்கிறார்கள். ஒரு காலத்தில் அது நிறையச் சாமை இருக்குமாம். இப்போது பாதிகூட இல்லை. ஆயா விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திருகுலசாமை, வெள்ளைப் பெருஞ்சாமை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காட்டுக்கு ஏற்றது, விளைய ஆகும் நாளும் வேறு வேறு. இந்தப் பெயர்களை அப்பா தன் டைரியில் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

மதியம் காட்டுக்குப் போனோம். சரிவு முழுக்க மரவள்ளி. இடுப்பு உயரம், சில இடத்தில் ஆள் உயரம். அதற்கு மேலே ஒரு துண்டு நிலத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்குச் சாமைப் பயிர். "எங்க மாமியா காலத்துல இதெல்லாம் சாமையும் தினையும் கேவுருந்தான். கிழங்கு வந்தப்புறம் போயிருச்சு" என்றார் ஆயா. அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்கு மனசு என்னவோ செய்தது. இந்தச் சரிவிலிருந்து போன கிழங்கில்தானே எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மாமாதான் பேச்சைத் திருப்பினார். "கிழங்கு போட்டதாலதான் புள்ளைய நர்சிங் படிக்க வெச்சேன். சாமை குத்திக் குத்தி எங்கம்மா தோள் போச்சு. ரேஷன்ல அரிசி வந்தப்புறம் யாரு குத்துவா? அதையும் சொல்லோணுமில்ல?" அவர் சொன்னதும் நியாயம்தான். உலக்கை பிடித்த கைகளைக் கேட்காமல், சாமை போய்விட்டதே என்று கீழே இருக்கிறவர்கள் வருத்தப்படுவது சரியில்லை.

கொஞ்சம் பொறுத்து மாமா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "உங்கப்பா ஒரு நாளும் பாயிண்ட் கொறைச்சுச் சொன்னதில்ல கண்ணு. அதுக்குத்தான் எங்க ஊரு லோடு எந்த ஆலைக்கும் போகாம அங்கயே வந்துச்சு."

அப்பா மரவள்ளி இலையொன்றைக் கிள்ளிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

ஆடி 16 (ஆகஸ்ட் 1)

நாள் முழுக்கச் சாரல். எங்கும் போகவில்லை. பலாப்பழம் வெட்டினோம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மாமாவும் அத்தையும் பிரித்துப் போடப் போட, பையன் சாப்பிட்டபடியே இருந்தான். ராத்திரி சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. சாமைச் சோறு ஆறினால் உதிர்ந்துவிடும், சூடாக இருக்கும்போதே குழம்பு ஊற்றிப் பிசைய வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொடுத்தார்.

ஆடி 17 (ஆகஸ்ட் 2)

இன்றைக்கு நான் நாற்று நட்டேன்.

மலை மேல் நெல் வயலா என்று முதல் நாளே ஆச்சரியப்பட்டேன். இரண்டு சரிவுகளுக்கு நடுவில் ஓடை போகும் பள்ளத்தில் படிப்படியாக வயல் வெட்டியிருக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீரை மேல் வயலில் விட்டால் வழிந்து வழிந்து கீழ் வயல் வரை போகிறது. மாமா வயலில் இன்று நடவு. காலை ஏழு மணிக்கெல்லாம் ஊர்ப் பெண்கள் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். கூலி கிடையாது. இன்றைக்கு இவர் வயலில் ஊர் இறங்கினால், இவர் வீட்டு ஆள் மற்றவர் வயலில் போய் இறங்க வேண்டும். யார் யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்பதை எழுதி வைப்பதில்லை. அத்தனையும் அத்தைக்கு மனப்பாடம்.

தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. காலை வைத்ததும் சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியது. பக்கத்தில் நின்ற அக்கா, மூன்று நான்கு நாற்றைப் பிரித்து, கட்டை விரலால் அழுத்தி ஊன்றுவது எப்படி என்று காட்டினார். ஆழமாக ஊன்றினால் தூர் கட்டாது, மேலாக வைத்தால் மிதந்துவிடும். என் வரிசை கோணிக்கொண்டு போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அக்கா பேசிக்கொண்டே என் வரிசையில் இரண்டு நாற்றைப் பிடுங்கி நேராக வைத்துவிட்டு நகர்ந்தார். ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர்கள் சேர்ந்து இழுக்க, கை தானாக அந்தத் தாளத்துக்குப் போனது.

பத்து மணிக்குக் கேழ்வரகுக் கூழும் பச்சை வெங்காயமும் வந்தன. ஊர்க்கவுண்டர் வரப்பில் உட்கார்ந்து அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். கிழங்கு விலை, மிளகு விலை, அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பேத்தியின் படிப்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அப்பா இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

முதுகு விட்டுப்போகிறது. ஆனாலும் படுத்ததும் கண்ணுக்குள் பச்சை வரிசைதான்.

ஆடி 18 (ஆகஸ்ட் 3)

பதினெட்டாம் பெருக்கு. கீழ்நாட்டு வண்டிகள் விடியற்காலையிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தன. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு நாங்கள் நடந்தே போனோம். கோயிலை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. அதில் மீன்களுக்குப் பொரி போடுவது வழக்கம். அப்பா பையனுக்குக் கதை சொன்னார்: யாரோ இந்த ஆற்று மீனைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைக்கப் போனார்களாம், அறுத்த துண்டுகள் சாமி அருளால் ஒன்றோடொன்று பொருந்தி மீன் உயிரோடு தண்ணீரில் துள்ளிவிட்டதாம். பையன் நீண்ட நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அப்புச்சி, அந்த மீன் எது?" என்றான்.

அப்பாவுக்கு முட்டி வலி. அவரைக் கோயிலிலேயே உட்கார வைத்துவிட்டு நானும் பையனும் ஆகாயகங்கைக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள், செங்குத்தாக. பாதி இறங்கும்போதே இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. இதே ஐயாறுதான் அங்கே 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பக்கத்தில் போகவே தேவையில்லை. திவலை காற்றில் வந்து ஆளை நனைத்துவிடுகிறது. பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி மேலே பார்த்தான். பெருக்கு நாளில் காவிரிக்குப் போய்ப் பழகியவள் நான். காவிரியில் தண்ணீர் நம் காலடியில் வந்து ஓடும். இங்கே தலைக்கு மேலிருந்து வருகிறது.

ஏறுவதுதான் கஷ்டம். முக்கால்வாசி ஏறியதும் ஓர் அம்மா முடவாட்டுக்கால் சூப் வைத்துக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டதும் பையன் ஆட்டுக்கால் என்றே நினைத்தான். அது கிழங்கு. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் செடி, அதன் கிழங்கு பழுப்பு ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கிறது. மேல் தோலைச் சீவினால் உள்ளே இளம் பச்சை. அதை நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்க விடுகிறார். முட்டி வலிக்கு நல்லது என்று மலையில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்பாவுக்கும் ஒரு கிழங்கு வாங்கிக்கொண்டேன். அந்தப் படியில், வியர்வையும் சாரலும் கலந்து நிற்கும்போது, தொண்டையில் மிளகு இறங்கிய சுகத்தை எழுதத் தெரியவில்லை.

சாயங்காலம் செம்மேட்டில் வல்வில் ஓரி விழாக் கூட்டம். வருடா வருடம் ஆடி 17, 18 இரண்டு நாளும் நடக்கும். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துப் போய்ப் புற்றில் இருந்த உடும்பில் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடிய ஓரி. பையனுக்கு அம்புக் கதை பிடித்திருந்தது. மாமா சொன்னது வேறு: "வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்லாத ராசா. அதுக்குத்தான் சிலை." காரி ஓரியைக் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்ததை நான் சொன்னேன். "கொல்லட்டும், இன்னைக்கு யாரு பேரைச் சொல்லிக் கூடியிருக்கோம்?" என்றார் அத்தை.

ஆடி 19 (ஆகஸ்ட் 4)

கிளம்பும் நாள். அத்தை ஒரு பை மிளகும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் வண்டியில் வைத்துவிட்டார். அப்பா மட்டும் தொம்பை பக்கம் நின்று தயங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார், "ஆயா, வெதைச்சாமை கொஞ்சம் கெடைக்குமுங்களா? காசு குடுத்தர்றேன்."

ஆயா அவரை ஒரு பார்வை பார்த்தார். "வெதைக்குக் காசு வாங்கற பழக்கம் எங்க ஊட்டுல இல்ல" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தானியம் அளக்கும் வள்ளத்தை எடுத்து வந்தார். கட்டவெட்டிச்சாமை ஒரு வள்ளம். மேலே குவிந்ததைக் கையால் வழிக்கவில்லை, குவியலாகவே துணிப்பையில் சரித்தார். "தையில ஒண்ணேகால் வள்ளமாக் கொண்டாந்து குடு. நானில்லாட்டி இவங்க கையில குடு."

"நானே கொண்டாறேனுங்க ஆயா."

"அப்பிடின்னா நானும் இருக்கறேன்."

இறங்கும்போது பையன் எழுபதிலிருந்து தலைகீழாக எண்ணினான். இந்தத் தடவை ஒன்று வரை எண்ணி முடித்தான். அப்பா அந்தத் துணிப்பையைப் பின்சீட்டில் வைக்க விடவில்லை, மடியிலேயே வைத்திருந்தார். எதிரே மேலே ஏறிய காலி லாரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

காரவள்ளியில் மறுபடி டீ. அப்பா கிளாஸை வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனார். டிராக்டர்காரரிடம் பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

"மேட்டாங்காடுதானுங்க, முக்கா ஏக்கரு. நாலு வருசமாச் சும்மா கெடக்குதே, அதேதான். நாளைக்கு வந்து ரெண்டு ஓட்டு ஓட்டிக் குடுங்க. ஈரம் இருக்கறப்பவே போட்டரோணும்... இல்லீங்க, கெழங்குக்கு இல்ல. சாமைக்கு."