வெடி வெடித்தால் மழை வருமா?

"தீபாவளிக்கு வெடி வெடித்தால் மறுநாள் மழை கொட்டும்" என்பது எங்கள் பெரியம்மாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் தெருப் பெரியவர்கள் பலரும் இதைச் சொல்வார்கள். காயப்போட்ட துணி நனைந்தால் பழி வெடியின் தலையில்தான் விழும்.

சோதித்தே பார்த்துவிடலாம் என்று ஒரு மழைமானி வாங்கிக் கொல்லையில் நட்டேன். சிக்கல் மானியில் இல்லை, பெரியம்மாவிடம் இருந்தது. "எத்தனை மணி நேரத்துக்குள் பெய்தால் அது வெடியால் வந்த மழை?" என்று கேட்டேன். "வரும்போது வரும்" என்றார். ஒரு வாரம் கழித்துத் தூறினாலும் அவர் வெடியின் கணக்கில் எழுதிவிடுவார்! பேரம் பேசி, மறுநாள் பொழுது சாய்வதற்குள் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். தீபாவளிக்கு முன்பே நோட்டில் எழுதித் தேதியும் போட்டோம்.

மறுநாள் மாலை மானியில் இரண்டு மில்லிமீட்டர் தண்ணீர். அதன் மேல் சிவப்புக் காகிதத் துணுக்குகளும் கரிப்பொடியும் மிதந்தன. பெரியம்மாவுக்கு வெற்றிச் சிரிப்பு. ஆனால் தீபாவளிக்கு முந்தைய நாள், ஒரு வெடியும் வெடிக்காமலே, ஏழு மில்லிமீட்டர் பெய்திருந்தது. டர்பனில் அக்டோபரிலேயே மழைக்காலம் தொடங்கிவிடுகிறது. காற்று தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால், வெடியைக் கேட்டா மழை பெய்கிறது?

பெரியம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. 1891இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தில் ராபர்ட் டைரன்ஃபோர்த் என்பவர் டெக்சாஸ் வானத்தில் பலூன்களையும் டைனமைட்டையும் வெடிக்கவைத்து, மழையை வரவழைத்துவிட்டதாக முழங்கினார். அங்கே மழைக்காலம் தொடங்கும் நேரத்தில்தான் அவர் போயிருந்தார் என்று வானிலையாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. ஐப்பசி அடைமழை தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவக்காற்றின் கொடை. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு வந்த 'ட்ரூரோ' கப்பலிலோ, பின்னால் வந்த கப்பல்களிலோ இந்த நம்பிக்கையும் ஏறி வந்திருக்கலாம். பூமியின் தென்பாதியில் இருக்கும் இங்கே அதே மாதத்தில் மழை பெய்வது கோடை நெருங்குவதால். காரணம் வேறு, மாதம் ஒன்று, நம்பிக்கை பிழைத்துக்கொண்டது.

கேப் டவுனில் ஜூன், ஜூலை மாதக் குளிர்காலத்தில்தான் மழை. அங்கே இருக்கும் என் தங்கையிடம் வரும் தீபாவளிக்கு ஒரு மானி நடச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மா இப்போதே அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்: "அங்கே விற்கிற வெடியில் சத்து இருக்காது."