பெயர் போடாத ரிவ்யூவர்

"அக்கா, ரிவ்யூ வந்திருச்சு." யஷ்வந்த்பூரில் மெட்ரோ ஏறியதும் லேப் ஜூனியர் போனை நீட்டினாள்.

ஆய்விதழுக்கு எங்கள் கட்டுரையை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். பெயர் சொல்லாமல் அதை மதிப்பிட்ட ரிவ்யூவர் எழுதியது இரண்டே வரி. 'புதுமை போதாது. கீழ்க்கண்ட கட்டுரைகளை மேற்கோள் காட்டவும்.'

கீழே நான்கு கட்டுரைகள். நான்கிலும் எழுதியவர் பட்டியலில் ஒரே ஆள்.

பெயர் போடாத ரிவ்யூவர் இப்படிப் பெயரைப் போட்டுவிட்டார்!

தன் மேற்கோள் கணக்கை ஏற்றிக்கொள்வதற்காக இப்படிக் கேட்கக் கூடாது என்பது, 1997-ல் தொடங்கிய 'கோப்' என்ற பதிப்பு நெறி அமைப்பின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. கட்டுரை எழுதியவரோடு போட்டியோ உறவோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். வெளிவராத கட்டுரையை வெளியே காட்டக் கூடாது. இதழின் அனுமதி இல்லாமல் ரிவ்யூ வேலையைத் தன் மாணவர் தலையில் கட்டுவதும் தப்பு. (அது எத்தனை லேபில் நடக்கிறது என்று கேட்காதீர்கள்.)

பெரும்பாலும் சம்பளமில்லாத வேலைதான், சரி. நேரமில்லை என்றால் அழைப்பு வந்ததுமே மறுத்துவிடலாமே. 'புதுமை போதாது' என்றால் இதை யார், எங்கே முன்பே செய்தார்கள் என்று காட்ட வேண்டாமா?

அதைவிட, அந்த இரண்டு வரியைப் படித்துப் பார்த்துவிட்டு அப்படியே அனுப்பி வைத்த எடிட்டர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.