நகரும் கொட்டிலுக்கு ஓர் அத்திவாரம்

6 ஏப்ரல் 2024, ஸ்கார்பரோ, கனடா

பின்வளவில் 8 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட மரக்கொட்டில் ஒன்றை அமைக்கப் போகிறேன். உறையக்கூடாத வர்ணம், பசை ஆகியவற்றோடு கறிவேப்பிலைச் சாடிகளும் குளிர்காலத்தை அங்கேதான் கழிக்கவேண்டும். வேலியோரமாக நிலத்தடி மின்கம்பி செல்வதால், அதைத் தோண்டவேண்டிய நாளில் கொட்டில் இடம்பெயரவும் வேண்டும். ஒன்டாரியோவில் 15 சதுர மீட்டருக்கு மேற்படாத, தனித்து நிற்கும், நீர்க்குழாய் இல்லாத களஞ்சியக் கொட்டிலுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. என்னுடையது 9 சதுர மீட்டரும் வராது. கறிவேப்பிலை களஞ்சியப் பொருளாகுமா என்று நான் எவரிடமும் கேட்கவில்லை.

13 ஏப்ரல்

“அத்திவாரம் போடாமல் என்ன கட்டடம், தம்பி?” என்று அப்பா கேட்டார். ஊரில் அது நியாயமான கேள்விதான். இங்கோ உறைபனி நிலத்துள் ஏறத்தாழ 1.2 மீட்டர்வரை இறங்கக்கூடும். உறையும் மண் கீழேயுள்ள ஈரத்தை மேலிழுத்துப் பனிக்கட்டிப் படலங்களாக வளர்த்து, மேலிருப்பதைத் தூக்கிவிடுகிறது. அந்த ஆழத்துக்குக் கீழே கொங்கிரீட் இட்டால் கொட்டில் அசையாது, நகரவும் நகராது. ஆகவே உறைபனியோடு மல்லுக்கு நிற்காமல், தளம் முழுவதும் ஒரே விறைப்பான தட்டாக ஏறி இறங்கட்டும் என்று முடிவு செய்தேன். மேற்களிமண்ணை 15 செ.மீ. அகற்றி, வடிதுணி விரித்து, தூசு கலக்காத 19 மி.மீ. சல்லியை நிரப்பினால் கொட்டிலின் அடியில் நீர் தேங்காது.

20 ஏப்ரல்

நேற்றிரவு ஒரு முரண் பிடிபட்டது. தரைக்கு வெப்பக்காப்பு எவ்வளவு சிறப்பாக அமைகிறதோ, அவ்வளவுக்குக் கொட்டிலின் வெப்பம் கீழுள்ள மண்ணை எட்டாமல் போகும். மண்ணும் கூடுதலாக உறையும். கறிவேப்பிலைக்குச் செய்யும் நன்மை அத்திவாரத்துக்குக் கேடாகிறது. சல்லிப்படுக்கையில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

27 ஏப்ரல்

இன்று முழுவதும் கணக்கு. 2×6 (அங்குல) குறுக்குச்சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் வைத்து, இடையில் 4 அங்குல எக்ஸ்பிஎஸ் (வெப்பக்காப்புக்கான அடர்ந்த பொலிஸ்டைரீன்) ஃபோம் பலகை செருகினால், அங்குலத்துக்கு ஆர்-5 வீதம் ஆர்-20 கிடைக்கும் என்றே எண்ணியிருந்தேன். ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு; எண் கூடினால் காப்பும் கூடும். ஆனால் தரைப்பரப்பில் ஏறத்தாழ 12 சதவீதம் மரம். சட்டத்தின் முழு ஆழமும் சேர்ந்தே ஆர்-7 அளவுதான். இரண்டையும் சேர்த்துக் கணித்தால் ஆர்-16 ஆகக் குறைகிறது. சட்டங்களின் மேல் ஒரேயொரு அங்குல ஃபோமை இடைவெளியின்றிப் பரப்பி, அதன்மேல் 19 மி.மீ. பிளைவுட் அறைந்தால் ஆர்-22. செருகும் ஃபோமைத் தடிப்பாக்குவதைவிட, மரத்தின் தலையை மூடிவிடுவதே மலிவான வழி. ஊரில் ரெஜிபோம் என்று நாம் சொல்லும் வெள்ளைப் பலகை இதைவிட விலை குறைவு. காப்பு அங்குலத்துக்கு ஆர்-4 அளவுதான் என்பதால் விட்டுவிட்டேன்.

4 மே

நீளவாட்டில் மூன்று 6×6 பதப்படுத்திய தாங்குகட்டைகள். அவற்றின் இரு முனைகளையும் படகின் மூக்கைப்போல் சரிவாக அறுத்து, சங்கிலிக்குத் துளையிட்டேன். இழுக்கும்போது குறுக்கே பிவிசி குழாய்களை உருளைகளாக இடலாம். சட்டங்களின் அடியில் 6 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலை: இல்லையேல் எலி ஃபோமைக் குடைந்து குடியேறும். வலை காற்றைத் தடுக்காததால், நனைந்த மரம் கீழ்ப்பக்கமாக உலரவும் முடியும்.

16 பெப்ரவரி 2025

கதவு உரசுகிறது. நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன்; வடகிழக்கு மூலை 11 மி.மீ. உயர்ந்திருக்கிறது. கீழிறக்கக் கை துறுதுறுத்தாலும், இப்போது ஆப்பு வைத்தால் மண் இளகும்போது மறுபுறம் சாய்ந்துவிடும் என்பதால் பொறுத்திருக்கிறேன்.

11 மே

மூலை தானாகவே இறங்கிவிட்டது. மிஞ்சியது 3 மி.மீ. ஜாக்கியால் எதிர்மூலையைச் சற்றே தூக்கி, தாங்குகட்டையின் கீழ் ஒரு கைப்பிடி சல்லியைத் தள்ளினேன். கதவு ஓசையின்றி மூடுகிறது.