அம்மாவின் கால் பங்கு

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்த நான்காம் நாள், மதுரை அண்ணா நகரில் உள்ள எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அண்ணன், தங்கை, நான் மூவரும் கூடினோம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவரால் தனியாக எழுந்து நடக்க முடியவில்லை. அதோடு மறதியும் சேர்ந்துகொண்டது. அண்ணிக்கும் முழங்கால் தேய்மானம் என்பதால், 82 வயதானவரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. மாதம் 26,000 ரூபாய்க்கு ஓர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அந்தப் பணத்தை யார் எவ்வளவு கொடுப்பது என்று முடிவெடுக்கத்தான் கூடினோம். ஆனால் அரை மணி நேரத்திற்குள் பேச்சு வீட்டின் பக்கம் திரும்பிவிட்டது.

வீட்டு வசதி வாரியத்தில் தவணை கட்டி அப்பா வாங்கிய வீடு அது. தவணை முழுவதும் முடிந்த பிறகு அவர் பெயருக்குக் கிரயப் பத்திரம் வந்தது. 2011-இல் அவர் உயில் எழுதாமலே இறந்தார். வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயரும் எங்கள் மூவர் பெயரும் இருக்கின்றன. மாடியை 2003-இல் அண்ணன் தன் வைப்பு நிதிக் கடனில் கட்டிக் குடியிருக்கிறார். கீழ்த்தளத்தில் அம்மா மட்டும் இருந்தார்.

அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அண்ணன், அம்மாவின் பங்கைப் பணம் வாங்காமல் தன் பெயருக்கு மாற்றும் தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதித் தந்தால் இல்லத்துச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாகச் சொன்னார். தங்கை, வீட்டை விற்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம், அதற்கு முன் அம்மா சார்பில் நாங்களே கையெழுத்திட அவரிடம் பவர் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். பேச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருந்த சித்தப்பா, 1989-க்கு முன்பே திருமணமான பெண்ணுக்குச் சொத்தில் பங்கே கிடையாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் திருமணம் நடந்தது 1988-இல். நானும் கோபத்தில் சொல்லக்கூடாத சிலவற்றைச் சொல்லிவிட்டேன். எங்களில் ஒருவர்கூட இந்த வீட்டில் உயிரோடு இருக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு, அவரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. தங்கை மூன்றாகப் பிரிக்கலாம் என்றபோது, அது நான்கு என்று திருத்தவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

மறுநாள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். சித்தப்பா சொன்னது கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தைப் பற்றியது. தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம் அந்தச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தபோது, அதற்குள் திருமணம் ஆனவர்களை விலக்கியது. மத்திய அரசின் 2005 திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. ஆனால் தகப்பனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்துக்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே போதும். மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் அதில் சமபங்கு; மகளுக்கு எப்போது திருமணம் ஆனது என்ற கேள்விக்கே இடமில்லை. ஆகவே எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கால் பங்கு, எங்கள் ஒவ்வொருவருக்கும் கால் பங்கு. அம்மாவின் கால் பங்கில் அவர் இருக்கும்வரை எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. பின்னால் வரலாம் என்கிற எதிர்பார்ப்பை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ சட்டம் இடம் தருவதில்லை.

பவர் பத்திரம் பற்றி அவர் சொன்னது, பெற்றோருக்கு மறதி தொடங்கியிருக்கும் எல்லாக் குடும்பங்களும் அறிய வேண்டியது. எழுதிக் கொடுப்பவர் தெளிவான புத்தியோடு இருக்கும்வரைதான் சாதாரண பவர் பத்திரத்துக்கு உயிர் உண்டு. அவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் பவரும் முடிந்துவிடும். அதாவது, எந்த நாளுக்காக அதை வாங்கி வைக்கிறோமோ அந்த நாளில் அது உதவாது. அதன் பிறகு அவர் சொத்தில் எதையாவது செய்ய வேண்டுமானால் நீதிமன்றத்தின் மூலம் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டியிருக்கும்.

செட்டில்மென்ட் விஷயத்தில்தான் எனக்கு அதிகப் பயம் இருந்தது. அண்ணன் ஏமாற்றுவார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் 61 வயதாகிறது, நாளை அவருக்கு ஒன்று என்றால் அம்மாவின் செலவுக்கு யார் பொறுப்பு என்பதே என் கவலை. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, வாங்கியவர் பராமரிக்கத் தவறினால் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரே அந்தத் தீர்ப்பாயத்தை நடத்துகிறார். ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. முதியோருக்கு உதவும் வகையில் இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சொன்னது. பத்திர எழுத்தர்கள் வழக்கமாக எழுதும் ‘அன்பின் பொருட்டும் பிரியத்தின் பொருட்டும்’ என்ற வரியை மட்டும் நம்பி, படுக்கையில் இருக்கும் ஒருவர் வழக்கு நடத்திக்கொண்டிருக்க முடியுமா? எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், உணவு, மருத்துவம், இல்லக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

இவை எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘மாடிக்கு நான் போட்ட காசு?’ என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மாடி கட்டியதால் மனையில் அவர் பங்கு கூடிவிடாது. ஆனால் நாளை பாகம் பிரிக்கும்போது அவர் கட்டிய பகுதியை அவருக்கே ஒதுக்குவதுதான் முறை. அதைச் சொல்ல 20 ஆண்டுகளாக நாங்கள் யாரும் வாய் திறக்காததுதான் அவரைச் செட்டில்மென்ட் வரை கொண்டு வந்தது என்று இப்போது புரிகிறது.

காலை வேளையில் அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மூவரும் இல்லத்துக்குப் போனோம். யாரும் யாருக்காகவும் பரிந்து பேசக்கூடாது என்று முன்பே பேசிக்கொண்டு, இருக்கும் நிலைமையை மட்டும் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, ‘கீழ வாடகைக்கு விடுங்க. அந்தக் காச இங்க கட்டிருங்க. என் பங்க இப்ப யாருக்கும் எழுதல’ என்றார். சற்றுப் பொறுத்து, ‘என் பீரோவ மட்டும் மாடில ஏத்தி வச்சிருங்க’ என்றார்.

அதன்படியே செய்தோம். வாடகை 11,000 ரூபாயும் குடும்ப ஓய்வூதியம் 12,000 ரூபாயும் அம்மாவின் கணக்குக்குப் போகின்றன. வாடகையில் எங்கள் பங்கை மூவரும் விட்டுக்கொடுத்திருக்கிறோம். மீதி 3,000 ரூபாயையும் மருந்துச் செலவையும் பகிர்ந்துகொள்கிறோம். மாடிக்கு அண்ணன் செலவழித்ததையும் சேர்த்து இவற்றை ஒரு தாளில் எழுதினோம். அது பாகப்பிரிவினை அல்ல, யாருடைய பங்கையும் மாற்றாது என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறோம். தங்கை இரண்டு மாதம் கழித்தே கையெழுத்திட்டாள். அண்ணியோடு அவள் இன்னும் பேசுவதில்லை.

அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. அப்பா இருந்த காலத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் மீட்டர் ரீடிங்கை அதில் எழுதி வைப்பார். இல்லத்துக்குப் போகும்போது அதையும் கொண்டுபோயிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. போன முறை நான் போனபோது தலையணைக்கு அடியிலிருந்து அதை எடுத்து, கீழ்வீட்டு ரீடிங் எவ்வளவு என்று கேட்டார். 214 யூனிட் ஆகியிருக்கிறது என்றேன். நடுங்கும் கையால் எழுதிக்கொண்டு, ‘ரெண்டே பேருதான இருக்காங்க, எதுக்கு இவ்வளவு? மோட்டாரப் போட்டுட்டு அணைக்க மறந்துர்றாங்களான்னு போய்ப் பாரு’ என்றார்.