மதியத்தில் ஏறிய தண்ணீர்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டியின் நீர்மட்டத்தைக் கீழேயிருந்தே அறிவதற்காக, சென்ற கோடையில் ஒரு மீயொலித் தொலைவு உணரியை அதன் மூடியில் பொருத்தினேன். இரண்டு கண்கள் போலிருக்கும் மலிவான எச்.சி.-எஸ்.ஆர்.04 தொட்டியின் ஈரத்தைத் தாங்காது என்பதால், வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் சென்று, ஒற்றைக் கண்ணுடைய நீர்புகா வகையான ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04டி-யை வாங்கி வந்தேன். உணரியிலிருந்து 5 வோல்ட்டில் வரும் எக்கோ (எதிரொலி) சமிக்ஞையை, அதைக் கணக்கிடும் 3.3 வோல்ட் சிறு கணினிப் பலகையான இ.எஸ்.பி.32-க்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது. ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் மின்தடைகளால் அதன் மின்னழுத்தத்தைப் பிரித்துக் குறைத்துக் கொடுத்தேன். அதுவரை எல்லாம் சுமுகமாகவே நடந்தது.

இரண்டாம் நாள் மதியம் மோட்டாரே போடாத நிலையில் தண்ணீர் ஏறியது. மாலையில் இறங்கியது. இறங்கியதை மட்டும் கவனித்த அப்பா, தொட்டியில் கசிவு என்று முடிவு கட்டிப் பிளம்பரை அழைத்துவிட்டார். அவர் சுற்றிலும் தடவிப் பார்த்து, "ஓட்டை எதுவும் இல்லைங்க, உங்க பையனோட மெஷினைப் பாருங்க" என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் வெளிக்குழாய் வால்வை மூடிவிட்டு டேப்பால் அளந்தேன். உணரிக்கும் நீருக்கும் இடையே சரியாக 80 செ.மீ. இருந்தது. கருவியோ விடியற்காலையில் 79.6 என்றும், பிற்பகல் மூன்று மணிக்கு 77.6 என்றும் காட்டியது. 110 செ.மீ. விட்டமுள்ள எங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. என்பது ஒன்பதரை லிட்டர். ஆகவே ஏறத்தாழ 19 லிட்டர் எங்கிருந்தோ வந்து எங்கோ போனது.

இந்த உணரி தொலைவை அளப்பதே இல்லை என்பதை அன்றுதான் உண்மையாகப் புரிந்துகொண்டேன். அது நம் காதுக்கு எட்டாத 40 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை மட்டும் சொல்கிறது. அந்த மைக்ரோ விநாடிகளை 58-ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும் என்று எல்லோரும் எழுதும் கணக்கு, காற்று சுமார் 23 டிகிரியில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 331.3 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அதனுடன் சுமார் 0.606 மீட்டர் கூடும். கறுப்புத் தொட்டிக்குள் பாலக்காட்டுக் கோடையில் 23 டிகிரி எப்படி இருக்கும்? சூடான காற்றில் ஒலி விரைந்து திரும்பியது, தண்ணீர் அருகில் வந்துவிட்டதாக என் நிரல் நம்பியது. ஈரப்பதமும் வேகத்தைச் சற்றுக் கூட்டும். ஆனால் வெப்பத்தின் முன் அது சிறிது.

டி.எஸ்.18பி20 வெப்பமானியை மூடிக்குக் கீழே ஒட்டி, 58 என்ற எண்ணை நீக்கிவிட்டு, அவ்வப்போதைய வேகத்தைக் கொண்டு கணக்கிட வைத்தேன். இப்போது மதியத்தில் 80.7 வந்தது. பிழை மறையவில்லை, திசை மாறியிருந்தது! மூடியை ஒட்டிய காற்று 45 டிகிரி, நீரை ஒட்டிய காற்று அதைவிடக் குளிர்ச்சி. நான் அளந்ததோ சூடான முனையை மட்டும். ஒலி இரண்டையும் கடந்துதான் சென்று வருகிறது.

ஆகவே வெப்பமானியை அதன் ஒயரிலேயே 40 செ.மீ. கீழே தொங்கவிட்டேன். அங்கே 40 டிகிரி இருந்தது, தொலைவும் 80-க்கு வந்துவிட்டது. தொட்டி பாதிக்கு மேல் நிரம்பும்போது வெப்பமானி நீருக்குள் மூழ்கி, காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரின் வெப்பத்தைச் சொல்லும் என்பது உண்மைதான். அப்போது ஒலி கடக்க வேண்டிய காற்றே குறைவு என்பதால் பிழையும் சில மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. எப்படியும் இவ்வகை உணரியால் 20, 25 செ.மீ.க்கு உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. நீர் அந்த எல்லையைத் தொடும் முன்பே மோட்டாரை நிறுத்தும்படி வைத்திருக்கிறேன்.